சுண்டிப் பார்க்க முடியாத நாணயம்

வெள்ளி ரூபாய் கைக்குக் கை மாறிய காலத்தில், அதைப் பெற்றுக்கொள்ளும் வியாபாரி முதலில் அதைக் கட்டைவிரலால் சுண்டிப் பார்ப்பார். எழும் ஒலி நீண்டு அதிர்ந்து அடங்கினால் ரூபாய் கல்லாப்பெட்டிக்குள் போகும். மொட்டையாக ஓய்ந்துவிட்டால், கொடுத்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேறு கொடுங்கள்" என்பார். பழங்காசு சேர்ப்பதை ஒரு விருப்பமாகக் கொண்டவர்களும் வெகுகாலம் இப்படித்தான் வாங்கினார்கள். 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையாவதற்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் தேடி அலைந்தவர்கள், காசைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, விளிம்பை நகத்தால் வருடி, கடைக்காரரோடு அரைமணி நேரம் பேரம் பேசிய பிறகே மடியிலிருந்து பணத்தை எடுப்பார்கள். இன்றோ ஏலக்கடை கைப்பேசித் திரைக்குள் வந்துவிட்டது. ஏலம் கேட்பவரின் கண்முன் இருப்பது காசு அன்று, காசின் படம். படத்தைச் சுண்ட முடியாது, எடைபோட முடியாது, வருடிப் பார்க்கவும் முடியாது. பொய்க்காசு விற்பவனுக்கு இதைவிடச் சாதகமான சந்தை முன்னொரு காலத்தில் அமைந்ததாகத் தெரியவில்லை.

சந்தைதான் புதியது, தொழில் மிகப் பழையது. இத்தாலியில் பதுவா நகரத்தில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜியோவான்னி கவீனோ என்னும் சிற்பி, பண்டை ரோமானியப் பதக்கங்களையும் நாணயங்களையும் பின்பற்றி வார்த்தவையும் அடித்தவையும், 'பதுவாக்காசு' என்றே பெயர் பெற்று, இன்று அவற்றுக்கென்று தனியே சேகரிப்பாளர்கள் இருக்கும் அளவுக்குக் கீர்த்தி அடைந்துவிட்டன. ஜெர்மனியில் 1772 முதல் 1830 வரை வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்பவரோ, கிரேக்க, ரோமானிய நாணயங்களுக்கு எஃகு அச்சுகளைத் தம் கையாலேயே வெட்டி, அவற்றில் அடித்த புதுக்காசுகளுக்கு முதுமை வருவிக்கும் பொருட்டு, எண்ணெய் கலந்த இரும்புத்தூள் நிரம்பிய பெட்டியில் அவற்றைப் போட்டு, அந்தப் பெட்டியைத் தம் குதிரை வண்டியின் அடியில் பொருத்தி ஊர் சுற்றி வருவாராம். வண்டியின் குலுக்கல் இரண்டாயிரம் வருஷத்துத் தேய்மானத்தைச் சில நாட்களில் உண்டாக்கிவிடும். அவர் வெட்டிய அச்சுகள் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பொய்யைச் செய்தவனின் கருவியே பொய்யைக் கண்டுபிடிக்கும் சாட்சியாக மாறியது விதியின் விளையாட்டு.

போலி எவ்வளவு பழையதோ, அதைப் பரீக்ஷை செய்யும் வித்தையும் அவ்வளவு பழையது. நம் சங்கப் புலவர்களுள் சிலரின் பெயருக்கு முன்னால் 'வண்ணக்கன்' என்ற அடை வருகிறது. நாணயத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்வது அவர்கள் தொழில் என்று அறிஞர் கூறுவர். மொகலாயர் காலத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலும் சராப்புகள் எனப்பட்ட நாணயமாற்றுக்காரர்கள், தாம் சோதித்து ஏற்றுக்கொண்ட ரூபாயின்மேல் ஒரு நுண்ணிய முத்திரையைக் குத்தி அனுப்புவார்கள். பழைய ரூபாய்களில் நட்சத்திரம்போலவும் பிறைபோலவும் காணப்படும் அச்சிறு குழிகள், அந்தக் காசு பலருடைய பரிசோதனையைக் கடந்து வந்ததற்கு அத்தாட்சி. முன்பு நிபுணர் ஒருவர் ஊருக்கெல்லாம் செய்த அந்த உத்தியோகம் இப்போது வாங்குகிறவர் தலையிலேயே விழுந்திருக்கிறது. அதை ஏற்றுச் செய்யச் சித்தமாக இருப்பவரே ஏலத்தில் கை உயர்த்தலாம் என்பதுதான் இக்கட்டுரையின் சாரம். மற்றவை அதைச் செய்யும் வழிகள்.

இந்திய நாணயங்களின் இணைய ஏலத்தில் உலவும் பொய்களை மூன்று இனமாகப் பிரித்துக்கொண்டால் விளக்கம் எளிதாகும். ஒருபோதும் இருந்திராத காசைக் கற்பனையாகச் சிருஷ்டித்து விற்பது முதலாவது. இருந்த காசுக்குப் பிரதி எடுத்து அசலென்று விற்பது இரண்டாவது. மலிவான அசல் காசு ஒன்றில் ஓர் இலக்கத்தையோ குறியையோ திருத்தி, அரிய காசாக்கி விற்பது மூன்றாவது. முதலாவதைச் சரித்திரம் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைத் தராசு காட்டிக்கொடுக்கும். மூன்றாவதைப் பூதக்கண்ணாடிதான் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒன்றுக்குரிய சோதனையை இன்னொன்றுக்குச் செய்து திருப்தி அடைகிறவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

முதல் இனத்துக்குச் சிறந்த உதாரணம், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்றும் '1818' என்றும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகத்தையோ அனுமாரையோ பொறித்து, 'அரை அணா' அல்லது 'ஒரு அணா' என்று மதிப்பிட்டு விற்கப்படும் செப்புக்காசு. இதை மறுக்க முற்படுகிறவர்கள், "வெள்ளைக்காரன் நம் தெய்வத்தைக் காசில் போடுவானா?" என்று கேட்பதுண்டு, அந்த வாதம் நிற்காது. சென்னை ராஜதானியில் கம்பெனியார் வெளியிட்ட நட்சத்திர வராகனில் விஷ்ணுவின் உருவம் உண்டு; 1808-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடிக்கப்பட்ட வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோவில் கோபுரமும் மறுபக்கம் விஷ்ணுவும் இருக்க, ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு எழுத்துக்களிலும் அதன் மதிப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தெய்வ உருவம் இருப்பது குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. 1835-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம் கம்பெனியின் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே நாணயத்தை ஏற்படுத்தும் வரையில், வங்காளம், பம்பாய், சென்னை என்னும் மூன்று ராஜதானிகளும் தத்தம் முறையில் தனித்தனியே நாணயம் அடித்துவந்தன. அவற்றுள் எதன் நாணயச்சாலையும் 1818-இல் ராமர் உருவத்தோடு அணாக்காசு அடித்ததில்லை. செம்பில் ஓர் அணாக்காசு என்பதைக் கம்பெனியார் எக்காலத்திலும் வெளியிட்டதே இல்லை. பக்தர்கள் பூஜையில் வைத்து வணங்கும் பொருட்டு ராமர் உருவம் பொறித்த பதக்கங்கள் வெகுநாளாக நாட்டில் வழங்கிவந்தன. வடக்கே அவற்றை 'ராம்டங்கா' என்பார்கள். அந்தப் பக்தியின்மேல் கம்பெனியின் பெயரை ஏற்றியதுதான் மோசக்காரர் செய்த யுக்தி.

இந்தக் காசுக்கு ஓர் அபார சக்தியையும் கற்பித்திருக்கிறார்கள். இது அரிசியைத் தன்பால் இழுக்கும், இதனுள் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடி ரூபாய் கொடுத்து வாங்கக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, 'ரைஸ் புல்லிங்' என்ற பெயரால் தமிழ்நாட்டிலேயே எத்தனையோ பேரின் சேமிப்பைச் சுருட்டிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. அரிசியை இழுக்கும் சக்தி எந்த உலோகத்துக்கும் இல்லை. இரும்புத்தூள் தடவிய அரிசியும், காசின் அடியில் மறைத்த காந்தமும் இருந்தால் எந்தத் தகடும் அந்த வித்தையைச் செய்து காட்டிவிடும்.

இரண்டாவது இனமாகிய பிரதிகளில் மிகப் பழைய முறை வார்ப்பு. அசல் காசை மண்ணிலோ ரப்பரிலோ பதித்து அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை அதில் ஊற்றினால் காசு ஒன்று பிறந்துவிடும். ஆனால் நாணயச்சாலையில் பல டன் அழுத்தத்தில் அடிக்கப்படும் காசுக்குரிய கூர்மை அதற்கு வாய்ப்பதில்லை. காசிலுள்ள ராணி உருவத்தின் தலைமுடி இழைகளும், எழுத்துக்களின் ஓரங்களும் பயன்படுத்திய சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும்; சமதளமான இடங்களில் ஊசி முனையளவு குழிகள் தென்படும்; இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் ஓடும், அல்லது அந்தத் தையலை அரத்தால் ராவி எடுத்த கீறல்கள் இருக்கும். இப்போதைய போலிகளில் பல வார்ப்பாக இல்லாமல், அசலிலிருந்து இயந்திரத்தால் எடுத்த அச்சைக் கொண்டு அடிக்கப்பட்டவையாக இருப்பதால், முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவற்றைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆயினும் அந்த முறையிலும் ஒரு பலவீனம் மறைந்திருக்கிறது. தாய்க்காசில் இருந்த ஒரு கீறலும் ஒரு மோதலும் அச்சில் ஏறி, அதில் பிறக்கும் குழந்தைகள் அனைத்திலும் அதே இடத்தில் அதே உருவத்தில் தோன்றும். ஏலத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் இரண்டு வேறு காசுகளின் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இரண்டிலும் அரசரின் கன்னத்தில் அதே சாய்வில் அதே கீறல் இருக்குமானால், இரண்டும் ஒரே அச்சின் வயிற்றில் பிறந்தவை என்று நிச்சயித்துக்கொள்ளலாம். வெவ்வேறு ஊர்களில் புழங்கிய இரு காசுகள் ஒரே இடத்தில் ஒரே விதமாக அடிபட்டிருக்க நியாயமில்லை.

தராசின் சாட்சியம் இதைவிட வலியது. 1835 முதல் 1939 வரையில் அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம்; வெள்ளியின் பங்கு ஆயிரத்துக்கு 917. பல கை மாறித் தேய்ந்த ரூபாய் இதில் சற்றுக் குறையலாமே தவிரக் கூடாது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறிய மின்தராசு, ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டக்கூடியது, இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன்மேல் ஒரு டம்ளரில் பாதி தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, நூலில் கட்டிய ரூபாயைத் தண்ணீருக்குள் அடியிலும் பக்கத்திலும் படாதவாறு தொங்கவிட்டால், தராசு ஓர் எண்ணைக் காட்டும். அது ரூபாய் ஒதுக்கிய தண்ணீரின் எடை. அசல் ரூபாயானால் அந்த எண் ஏறக்குறைய 1.13 ஆக இருக்கும். ரூபாயின் எடையாகிய 11.66-ஐ அதனால் வகுத்தால் 10.3 வரும், 917 பங்கு வெள்ளியின் அடர்த்தி அதுவே. வெள்ளியே கலக்காத செம்பு-நிக்கல் கலவையில் அதே எடைக்குப் போலி செய்தால், தராசு 1.31 என்று காட்டும், வகுத்தால் 8.9-தான் வரும். முகத்தை எவ்வளவு திறமையாகச் செதுக்கினாலும் இந்தக் கணக்கை ஏமாற்றுவது கடினம், ஏனெனில் போலிக்காரன் எடையைச் சரியாக்கினால் பருமன் கூடிப்போகும், பருமனைச் சரியாக்கினால் காசு பத்துக் கிராம் அளவுக்கு இளைத்துப்போகும்.

காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கமே. ஆனால் அதன் தீர்ப்பை அறிந்து வாசிக்க வேண்டும். வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டுமானால் அது பொய் என்பதில் சந்தேகமில்லை. ஒட்டாததாலேயே அது மெய்யாகிவிடாது, ஏனெனில் செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை. 1947-ஆம் ஆண்டு தேதியோடு புலியின் உருவம் தாங்கி வந்த ரூபாயோ நிக்கலால் ஆனது. அது காந்தத்தில் ஒட்டுவதுதான் முறை, ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். நிறத்திலும் இப்படியே விவேகம் தேவை. உண்மையாகவே புழங்கித் தேய்ந்த காசில் கிரீடம், கன்னம், புருவம் முதலிய மேடான இடங்கள் வெளுத்தும், எழுத்துக்களின் இடுக்குகள் கறுத்தும் இருக்கும். ரசாயனத்தில் ஊறவைத்து முதுமை ஏற்றிய காசில் மேட்டிலும் பள்ளத்திலும் கறுப்பு ஒரே சீராகப் பூசியிருக்கும்.

மூன்றாவது இனத்துக்கு வரும்போது தராசும் காந்தமும் கைவிட்டுவிடுகின்றன. ஆறாம் ஜார்ஜின் முகம் தாங்கிய 1939-ஆம் ஆண்டு ரூபாய் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரிய காசுகளுள் ஒன்று. இரண்டாம் உலகப்போர் தொடங்கி, ஜனங்கள் வெள்ளியைப் பதுக்கத் தலைப்பட்டதும், 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே பழைய தரத்தில் வந்த கடைசி ரூபாய் என்ற பெருமை 1939-க்கு உரியது. அதற்கு முந்திய ஆண்டின் ரூபாயோ தாராளமாகக் கிடைக்கக்கூடியது. 1938-இன் கடைசி இலக்கமாகிய 8-இன் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் 9 ஆகிவிடுகிறது. உடனே விலை எத்தனையோ மடங்கு ஏறிவிடுகிறது. இங்கே உலோகம் அசல், எடை அசல், விளிம்பு அசல், அரசரின் முகமும் அசல். ஓர் எண்ணின் சிறு வளைவு மாத்திரம் பொய். இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லூப் வேண்டும். அதன்கீழ் 9-இன் வால் மற்ற எண்களைப்போல் சீரான உயரத்தில் எழுந்து முடிகிறதா, சுரண்டிய இடத்தில் தளம் மற்ற இடங்களைப்போல் இயற்கையாக ஓடுகிறதா, அல்லது அங்கே மட்டும் ஒரு பள்ளமும் மெல்லிய கீறல்களும் மெருகும் தோன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாத 1939 ரூபாய் ஒன்றின் தெளிவான படத்தை ஏதேனும் நல்ல நாணய நூலிலிருந்து எடுத்து அருகில் வைத்துக்கொண்டு, 9-இன் உருவத்தையும், அது அருகிலுள்ள 3-லிருந்து நிற்கும் தூரத்தையும் ஒப்பிடுவது இன்னும் உத்தமம்.

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இதற்கு மற்றோர் உதாரணம். அரசர் அணிந்திருந்த மேலங்கியில் பொறித்த யானையின் துதிக்கை குறுகிப்போனதால், அது பன்றிபோலத் தோன்றுகிறதென்று முஸ்லிம்கள் மனம் புண்பட்டுக் கிளர்ச்சி எழவே, சர்க்கார் அந்தக் காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி புதிய அச்சை வெட்டியது. அடித்த ஏறக்குறைய 94 லட்சத்தில் சுமார் 7 லட்சமே ஜனங்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று நாணய நூல்கள் கூறும். 1912-ஆம் ஆண்டு ரூபாயின் கடைசி இலக்கத்தைத் திருத்தி 1911 ஆக்க முற்படுகிறவன் மறுபக்கத்திலுள்ள யானையை மறந்துவிடுவான். தேதி 1911 என்று சொல்ல, யானையின் துதிக்கை நீண்டு தொங்கினால், அந்த யானையையே நம்ப வேண்டும்.

பொய்யென்றும் சொல்ல முடியாமல், முழு மெய்யென்றும் சொல்ல முடியாமல் இடையில் நிற்பது ஒன்று உண்டு. அது மறு அடிப்பு. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய அச்சுகளைக் கொண்டு, சேகரிப்பாளர்கள் கேட்டபோதெல்லாம் பழைய தேதியுள்ள காசுகளைப் பளபளப்பாகப் பிற்காலத்தில் அடித்துக் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. நான்காம் வில்லியத்தின் 1835-ஆம் ஆண்டு இரட்டை மொகர் என்னும் பொற்காசில் இத்தகைய மறு அடிப்புகள் பிரசித்தம். இவை சர்க்காரே அடித்தவை. ஆகையால் போலி அல்ல. ஆனால் அசலோடு ஒப்பிடுகையில் விலை குறைந்தவை. விற்பனைக் குறிப்பில் 'மறு அடிப்பு' என்ற சொல் இல்லாமல் மறைக்கும் விற்பனையாளர் மோசக்காரரோடு வைத்து எண்ணத்தக்கவரே.

இனி ஏலத்தின் தன்மையைக் கவனிப்போம். மேற்சொன்ன சோதனைகளெல்லாம் காசு கைக்கு வந்தபின் செய்யக்கூடியவை. பணமோ அதற்கு முன்பே போய்விடுகிறது. ஆகவே கை உயர்த்துவதற்கு முன்பு, படம் மறைப்பதைக் கேள்வியால் வெளிக்கொணர வேண்டும். இரு முகங்களின் படத்தை எல்லோரும் கொடுப்பார்கள். விளிம்பின் படத்தைக் கேட்க வேண்டும். எடையை எழுத்தில் கேட்பதோடு நில்லாமல், தராசின்மேல் காசு இருக்கும் படத்தையே கேட்க வேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் அன்றைய தேதியை எழுதி வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னால், பிறர் படத்தைத் திருடிப் போட்டவர் அந்த இடத்திலேயே மறைந்துவிடுவார். இணையத்தில் படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதி இருக்கிறது; ஏலத்திலுள்ள படத்தை அதில் இட்டால், அதே படம் பல விற்பனையாளர்களின் பெயரிலோ, எங்கோ ஒரு வெளிநாட்டு ஏலக்கடையின் பழைய பட்டியலிலோ அகப்பட்டுவிடும். நேர்மையான விற்பனையாளர் இந்தக் கேள்விகளால் கோபம் கொள்வதில்லை. கோபம் கொள்கிறவரிடம் வாங்காதிருப்பதே நஷ்டமில்லாத வழி.

விற்பனைக் குறிப்பின் பாஷையையும் ஊன்றிப் படிக்க வேண்டும். "தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, எனக்கு இதைப்பற்றி ஒன்றும் தெரியாது, பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பி எடுக்கமாட்டோம்" என்பது, அறியாமையை முன்கூட்டியே கேடயமாகப் பிடிக்கும் வாக்கியம். அதே மனிதர் ஒரு மாதத்தில் இருபது அரிய காசுகளை விற்றிருப்பாரானால், தாத்தாவின் பெட்டி அட்சயபாத்திரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "வயலில் உழும்போது கிடைத்த புதையல்" என்பது இன்னும் விசேஷமானது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் சர்க்காருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்; எனவே அந்தக் குறிப்பு உண்மையாயிருந்து, சர்க்காருக்குத் தெரிவிக்காமல் விற்றால் விற்பனை சட்டவிரோதம், பொய்யானால் விற்பனை மோசடி; இரண்டில் எதுவாயினும் வாங்குகிறவருக்கு அங்கே வேலையில்லை. ஏலத்தை நடத்தும் நிறுவனத்தை விட்டுவிட்டுத் தனியே பணம் அனுப்பினால் விலை குறைத்துத் தருகிறேன் என்று அழைப்பவர், வாங்குகிறவர் பிற்பாடு முறையிட ஓர் இடமும் இல்லாதபடி செய்துவிடுகிறார் என்பதையும் உணர வேண்டும். கடைசி நிமிஷங்களில் விலையைக் கிடுகிடுவென்று ஏற்றும் பெயர் தெரியாத ஒருவர் விற்பனையாளரின் கூட்டாளியாக இருக்கக்கூடும். ஆகையால் ஏலம் தொடங்குமுன்பே தம் உச்ச விலையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதைத் தாண்டாதிருப்பவருக்கே மனநிம்மதி.

பிளாஸ்டிக் உறையில் அடைத்து, தரச்சான்றும் எண்ணும் ஒட்டி வரும் காசுகளைக் கண்டதும் பலர் சோதனை எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் 1986-இலும் 1987-இலும் முறையே தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்னும் நிறுவனங்கள் இத்தகைய சான்று அளிப்பதில் பெயர் பெற்றவை. ஆனால் காசைப் போலி செய்பவனுக்கு உறையைப் போலி செய்வது பெரிய காரியமா? உறையின் மேலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டால் உரிய காசின் விவரமும், பல சமயங்களில் படமும் கிடைக்கும். எண் சரியாக இருப்பதால் மட்டும் திருப்தியடையாமல், படத்திலுள்ள காசின் கறையும் கீறலும் ஏலத்திலுள்ள காசில் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். உண்மையான எண்ணைப் பொய்யான உறையில் அச்சிடுவதும் நடைபெறுகிறது.

இவ்வளவு பொய்க்கும் அடிப்படையாக ஜனங்களிடையே ஒரு மயக்கம் இருக்கிறது: காசு பழையதானால் விலை உயர்ந்தது என்பது. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல், பர்மிங்காமில் சென்னை ராஜதானிக்காக அடிக்கப்பட்ட 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களைச் சுமந்து புறப்பட்டு, இங்கிலாந்துக் கடற்கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போயிற்று. 1980-களில் அந்தக் கப்பலிலிருந்து 1808 என்று தேதியிட்ட காசுகள் லட்சக்கணக்கில் வெளியே எடுக்கப்பட்டன. இருநூறு வருஷம் கடந்த அந்தக் காசு இன்றும் எளிய விலைக்கே கிடைக்கிறது. காசின் விலையை நிர்ணயிப்பது வயதன்று; எத்தனை எஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் விரும்புகிறார்கள், எந்நிலையில் இருக்கிறது என்னும் மூன்றுமே. இதை அறியாதவரிடம்தான், வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த புதிய ஐந்து ரூபாய்க்குக்கூட லட்சம் ரூபாய் தருவதாக ஆசை காட்டி, 'கட்டணம்', 'கமிஷன்', 'வரி' என்று முன்பணம் கறக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தத் துணிந்ததால், அந்த வங்கி 2021 ஆகஸ்டில், பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதில் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை, தன் பெயரால் கேட்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவும் இல்லை என்று பொதுமக்களை எச்சரித்தது.

பிரதி செய்வதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. அருங்காட்சியகத்தில் மாத்திரம் காணக்கூடிய சோழர் பொற்காசின் பிரதியை ஒரு பள்ளிக்கூடம் வாங்கி மாணவர்களுக்குக் காட்டுவது நல்ல காரியம். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நாணயங்களின் பிரதிகளில் 'காப்பி' என்ற சொல் பொறிக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. நம் நாட்டில் பிரதிகளைச் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் தாமாகவே அந்த வழக்கத்தை மேற்கொண்டால், நாளைக்கு அவர்களுடைய காசு மூன்று கை மாறியபின் யாரையும் ஏமாற்றாது.

சட்டம் சம்பந்தமாக இன்னும் இரண்டு விஷயங்களை அறிந்திருப்பது அவசியம். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. தனி நபர் அதை நாட்டுக்கு வெளியே விற்று அனுப்புவது குற்றம். ஏமாந்துபோனவர் வெட்கப்பட்டு மௌனம் சாதிப்பதைவிடப் பெரிய உதவி மோசக்காரனுக்கு வேறில்லை. பணம் போனதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து இணையக் குற்றப் பிரிவில் பதிவு செய்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்ற எண் இருக்கிறது. விற்பனைக் குறிப்பு, படங்கள், உரையாடல்கள் அனைத்தையும் அழித்துவிடாமல் பாதுகாத்து வைப்பது முறையீட்டுக்குப் பெருந்துணை.

புதிதாக நாணயம் சேர்க்கத் தொடங்கும் அன்பர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றே. காசை வாங்குமுன் நூலை வாங்குங்கள். ஏலத்துக்குப் போகுமுன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், அசல் காசுகளைக் கண்ணாடிக்கு இப்பால் நின்றாவது கண் நிறையப் பாருங்கள். பக்கத்து ஊரிலுள்ள நாணயச் சங்கத்தின் கூட்டத்துக்குச் சென்று, மூத்த சேகரிப்பாளர் ஒருவரின் சந்தேகமற்ற ரூபாயை அவர் அனுமதியோடு கையில் எடுத்துப் பழகுங்கள். நூறு அசலைத் தொட்டுப் பழகிய விரலுக்குப் போலி உடனே அந்நியமாகப்படும். அந்தப் பழக்கம் வரும் வரையில், விளிம்பின் படமும் எடையும் திருப்பி எடுக்கும் உறுதியும் கொடுக்காத ஏலத்தில், காசு எவ்வளவு அழகாக இருந்தாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கை உயர்த்தாதீர்கள்.